லிங்க் உடையாம இருக்கணும்னா ஃபைலுக்கு எப்படி பேர் வைக்கணும்: கடலூர், பாண்டி சைட்டுங்கள சரிபண்ணி கத்துக்கிட்டது

வெப்சைட்ல படம் வரல, பிடிஎஃப் தொறக்கலன்னு யார் கூப்பிட்டாலும் நான் புரோகிராம் கோடு பக்கம் போறதுக்கு முன்னாடி சர்வர்ல, அதான் சைட்ட வச்சிருக்குற கம்ப்யூட்டர்ல, இருக்குற ஃபோல்டர தொறந்து ஃபைல் பேருங்கள வரிசையா படிப்பேன். நிறைய நேரம் பதில் அங்கயே இருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்துகிட்டு இந்தப் பக்கம் நெய்வேலி, அந்தப் பக்கம் பாண்டி வரைக்கும் சின்னச் சின்ன கடைங்க, கெஸ்ட் ஹவுஸ், ஸ்கூல், கோவில் கமிட்டின்னு இவங்களுக்கெல்லாம் சைட் பாத்துக் குடுக்குறதுதான் என் வேலை, அதுல புதுசா செய்யறத விட ஏற்கனவே யாரோ செஞ்சு வச்சத சரி பண்ற வேலைதான் அதிகம் வரும். அதனால இந்த விஷயத்த ஒரு தடவ உக்காந்து முழுசா எழுதிடணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன்.

நான் சொல்ல வர்றது இதுதான். நம்ம கம்ப்யூட்டர்ல இருக்குற வரைக்கும் ஃபைலுக்கு என்ன பேர் வச்சாலும் ஓடும். சர்வர்ல ஏத்தின உடனே அந்தப் பேரு முகவரியோட ஒரு துண்டா ஆயிடுது, அப்புறம் அத வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, ரிசப்ஷன்ல க்யூஆர் அடிச்சு ஒட்டுவாங்க, கூகுள் எடுத்து வச்சுக்கும், யாராவது போன்ல வாயால சொல்லுவாங்க. இவ்ளோ கை மாறியும் உடையாத மாதிரி பேர் வைக்கணும், வச்சப்புறம் மாத்தக்கூடாது. இது ரெண்டுல எது தப்பினாலும் லிங்க் போச்சு. கஷ்டம் என்னன்னா அது உடைஞ்சது நம்ம கண்ணுக்குத் தெரியாது, கஸ்டமர் கண்ணுக்குத்தான் தெரியும், அவங்க நமக்குச் சொல்ல மாட்டாங்க, பேசாம அடுத்த சைட்டுக்குப் போயிடுவாங்க.

அதிகமா பாக்குறது கேப்பிடல் லெட்டர், ஸ்மால் லெட்டர் பிரச்சனைதான். பாண்டி ஒயிட் டவுன்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ், நடத்துற அக்கா கூப்பிட்டாங்க, "தம்பி, என் லேப்டாப்ல ரூம் படமெல்லாம் அழகா வருது, புக் பண்றவங்க போன்ல பாத்தா கட்டம் கட்டமாதான் தெரியுதாம், இன்னா ஏதுன்னு கொஞ்சம் பாருப்பா"ன்னு. போய்ப் பாத்தா படமெல்லாம் கேமராலேர்ந்து நேரா எடுத்துப் போட்டது, டிஎஸ்சி, ஒரு அண்டர்ஸ்கோர், நாலு நம்பர், கடைசில டாட் ஜேபிஜி, அந்த ஜேபிஜி கேப்பிடல்ல இருக்கு. பேஜ்ல எழுதினவரு அத ஸ்மால்ல எழுதிருக்காரு. விண்டோஸ் ரெண்டும் ஒண்ணுதான்னு எடுத்துக்கும், மேக்கும் சாதாரணமா அப்படித்தான். லினக்ஸ்னு இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கு, அது அப்படி இல்ல, அதுக்கு பெரிய ஜேவும் சின்ன ஜேவும் வேற வேற எழுத்து, அந்தப் பேர்ல எங்கிட்ட ஃபைலே இல்லன்னு 404 குடுத்துடும். சைட்ட வைக்க நாம வாங்குற சர்வர் எடத்துல, அதான் சாதாரண ஹோஸ்டிங்ல, பெரும்பாலும் லினக்ஸ்தான். அக்கா லேப்டாப்ல நல்லா வந்ததுக்குக் காரணம் அவங்க நெட்ல இருக்குற சைட்ட பாக்கவே இல்ல, டெஸ்க்டாப்ல காப்பி பண்ணி வச்சிருந்த ஃபோல்டர்லேர்ந்து தொறந்து பாத்துட்டு இருந்தாங்க.

இதுல இன்னொண்ணும் சேந்துக்குது. விண்டோஸ் ஃபைல் பேரோட கடைசி துண்ட, அதான் எக்ஸ்டென்ஷன, காட்டாம மறைச்சு வச்சிருக்கும். அது கேப்பிடல்ல இருக்கா ஸ்மால்ல இருக்கான்னு பாக்குறவங்களுக்குத் தெரிய வழியே இல்ல. ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ போயி ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்ல ஒரு டிக் போட்டுடுங்க, யாருக்கு சைட் செஞ்சு குடுத்தாலும் அவங்க கம்ப்யூட்டர்ல முதல்ல நான் செய்யறது இதான். அப்புறம் எல்லாத்தையும் ஸ்மால் லெட்டருக்கு மாத்துங்க. நிறைய படம் இருந்தா மைக்ரோசாஃப்ட்டோட பவர்டாய்ஸ் இலவசமா கெடைக்குது, அதுல பவர்ரீநேம்னு ஒண்ணு இருக்கு, ஃபோல்டர் முழுக்க ஒரே தடவைல லோயர் கேஸ் ஆக்கிடும். ஆனா ஃபைல் பேர் மாறினா போதாது, பேஜ்ல இருக்குற லிங்கையும் சேத்து மாத்தணும். மறுபடி ஏத்தும்போது இன்னொரு விஷயம், லினக்ஸ் சர்வர்ல பழைய கேப்பிடல் ஃபைலும் புது ஸ்மால் ஃபைலும் பக்கத்துல பக்கத்துல ரெண்டும் இருக்கும், ஒண்ண இன்னொண்ணு அழிக்காது, அதனால எல்லா லிங்கும் புதுப் பேருக்கு வந்தாச்சான்னு பாத்துட்டு பழசத் தூக்குங்க. கிட்னு ஃபைல் மாத்தங்கள பதிவு பண்ற கருவி வச்சு வேல பாக்குறவங்க விண்டோஸ்ல வெறும் எழுத்து சைஸ மட்டும் மாத்தினா கிட்டுக்கு அது மாறுனதாவே தெரியாது, கிட் எம்வி கமாண்ட் குடுத்துத்தான் மாத்தணும்.

ஹோம் பேஜுக்கும் இதே கததான். சர்வர் தேடுறது இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல், எல்லாம் ஸ்மால்ல. முதல் ஐய கேப்பிடல்ல போட்டாலோ ஹோம்னு பேர் வச்சாலோ லினக்ஸ் அத கண்டுக்காது, ஃபர்பிடன்னு வரும், இல்லன்னா ஃபோல்டர்ல இருக்குற அத்தன ஃபைலையும் லிஸ்ட் போட்டு ஊருக்கே காட்டிடும், அது இன்னும் மோசம்.

பிரஸ்லயும் ஒரு வேல நடக்கும், சொல்லி வச்சிடுறேன். முகவரில டொமைன் பேர் வரைக்கும் பெருசு சின்னது வித்தியாசம் கெடையாது, அதுக்கப்புறம் சாய்வுக் கோட்டுக்குப் பின்னாடி வர்றதுக்குத்தான் வித்தியாசம் உண்டு. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவங்க அழகா இருக்கட்டும்னு முழு முகவரியையும் கேப்பிடல்ல போட்டுடுவாங்க. வெறும் டொமைன்னா தப்பிச்சுது, பின்னாடி ஒரு பேஜ் பேர் இருந்தா அந்த ஃப்ளெக்ஸ் வீண். ப்ரூஃப் வரும்போதே பாத்துடுங்க.

அடுத்தது ஸ்பேஸ். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் பாண்டி பக்கத்துல கரையக் கடந்துச்சு, அடுத்த நாளுங்கள்ல தென்பெண்ணைல தண்ணி ஏறி கடலூர் பக்கம் நிறைய எடம் முழுகிப்போச்சு. அந்த சமயத்துல உதவி பண்ற பசங்க சில பேரு முகாம் எங்கெங்க இருக்கு, எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு ஒரு பிடிஎஃப் செஞ்சு நெட்ல ஏத்தினாங்க, நல்ல மனசு, ஆனா ஃபைல் பேரு முகாம், ஸ்பேஸ், லிஸ்ட், ஸ்பேஸ், நியூ, அடைப்புக்குறிக்குள்ள 2. இத ஒருத்தர் வாட்ஸ்அப்ல கையால டைப் பண்ணி அனுப்புறாரு, முதல் ஸ்பேஸ் வரைக்கும்தான் நீலமாகுது, மிச்சம் சாதா எழுத்தா நிக்குது, தட்டினா நாட் ஃபவுண்ட். இன்னொருத்தரு பிரவுசர் மேல இருக்குற முகவரிய காப்பி பண்ணி அனுப்பினாரு, அது நல்லா தொறக்குது. ஒரே குரூப்ல பாதி பேரு வருதுங்குறாங்க பாதி பேரு வரலங்குறாங்க, தண்ணி வீட்டுக்குள்ள நிக்கிற நேரத்துல இதப் பத்தி பேசிட்டு இருக்க வேண்டியதா போச்சு. எனக்கு இந்த விஷயத்துல இவ்ளோ புடிவாதம் வந்ததே அதுக்கப்புறம்தான்.

காப்பி பண்ணினது ஏன் தொறந்துச்சுன்னா, முகவரில ஸ்பேஸ் இருக்கவே முடியாது, அதனால பிரவுசர் அத %20ன்னு மாத்திடும். எழுத்துங்களுக்கு நம்பர் குடுக்குற ஆஸ்கின்ற பட்டியல்ல ஸ்பேஸுக்கு 32, அத பதினாறு பதினாறா எண்ணுற ஹெக்ஸ் முறைல எழுதினா 20, அவ்ளோதான். பிரவுசர் மாத்தும், வாட்ஸ்அப்ல டைப் பண்ற மனுஷன் மாத்த மாட்டான். அதனால ஸ்பேஸ் வேண்டாம், எடத்துல ஹைஃபன் போடுங்க.

அண்டர்ஸ்கோர் போடலாமேன்னு கேப்பாங்க. போடலாம், உடையாது. ஆனா லிங்க்குக்குக் கீழ கோடு வந்தா அண்டர்ஸ்கோர் அந்தக் கோட்டுக்குள்ள மறைஞ்சுடும், பாக்குறவங்க ஸ்பேஸுன்னு நெனச்சுப்பாங்க. கூகுளும் வார்த்தைங்கள பிரிக்க ஹைஃபன்தான் போடச் சொல்லுது. போன்ல சொல்றப்பவும் "நடுவுல ஒரு டேஷ் போடுங்க"ன்னா பெரியவங்களுக்கும் புரியுது, அண்டர்ஸ்கோர்னா பாதி பேருக்கு கீபோர்டுல எங்க இருக்குன்னே தெரியாது. கிட்ஹப் பேஜஸ்ல இலவசமா சைட் வைக்கிறவங்க இன்னொண்ணு பாத்துக்கோங்க, அண்டர்ஸ்கோர்ல ஆரம்பிக்கிற ஃபோல்டர அது ஜெக்கில்னு அதுக்குள்ள ஓடுற சைட் செய்யற புரோகிராமோட சொந்த ஃபோல்டர்னு எடுத்துக்கிட்டு வெளியிடாமலே விட்டுடும். ஹைஃபன்லயும் ஒரு எச்சரிக்கை, வேர்டுல டைப் பண்ணி அங்கேர்ந்து பேர காப்பி பண்ணாதீங்க, வேர்டு சில நேரம் ஹைஃபன நீட்டுக் கோடா மாத்திடும், கண்ணுக்கு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், ஆனா அது வேற எழுத்து.

சின்னச் சின்ன குறிங்க. பாண்டி நேரு வீதி மாதிரி துணிக்கட நிறைய இருக்குற எடத்துல தீபாவளி வந்தா 50%ன்னு இல்லாம ஒரு போஸ்டர் கெடையாது, அதே பேர ஃபைலுக்கும் வச்சு ஏத்துவாங்க. முகவரில % குறி வந்தா அதுக்கப்புறம் ரெண்டு எழுத்து ஒரு குறியீடுன்னு சர்வர் நெனச்சுக்கும், அது செல்லாத குறியீடா இருந்தா பேட் ரிக்வெஸ்ட்னு திருப்பி அனுப்பிடும். # இன்னும் மோசம், அந்தக் குறிக்கு அப்புறம் இருக்குறத பிரவுசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது, பேஜுக்குள்ள ஒரு எடத்துக்குத் தாவுறதுக்கு வச்சிருக்குற குறி அது. கேள்விக்குறிக்கு அப்புறம் வர்றத ஃபைல் பேராவே எடுத்துக்காது, விண்டோஸ் அத ஃபைல் பேர்ல விடாது, மேக் விட்டுடும். + குறிய சில புரோகிராம் ஸ்பேஸா படிச்சிடும். இதெல்லாம் ஞாபகம் வச்சுக்கவே வேணாம். 2005ல வந்த ஆர்எஃப்சி 3986ன்ற விதிப்படி இங்கிலீஷ் எழுத்து, நம்பர், ஹைஃபன், புள்ளி, அண்டர்ஸ்கோர், அப்புறம் டில்டேன்ற அலக்குறி, இவ்ளோதான் எந்த மாத்தமும் இல்லாம முகவரில போகக்கூடியது. நான் அதுலயும் கொறச்சுகிட்டு ஸ்மால் லெட்டர், நம்பர், ஹைஃபன், எக்ஸ்டென்ஷனுக்கு முன்னாடி ஒரே ஒரு புள்ளி, இதோட நிறுத்திக்கிறேன்.

அப்போ தமிழ்ல பேர் வைக்கக்கூடாதா? இத கோவில் கமிட்டில ஒரு பெரியவரு எங்கிட்ட கொஞ்சம் கோவமாவே கேட்டாரு. "நம்ம கோவில், நம்ம மாசி மகம், அழைப்பிதழுக்கு ஏன் தம்பி இங்கிலீஷ்ல பேரு?" அவரு கேட்டதுல நியாயம் இருக்கு, எனக்கும் தமிழ்லயே இருக்கணும்னுதான் ஆச. தமிழ் விக்கிப்பீடியா பக்கங்களோட முகவரி எல்லாம் தமிழ்லதான் இருக்கு, நல்லாவே ஓடுது. ஆனா அதுக்குப் பின்னாடி மீடியாவிக்கின்னு ஒரு சாஃப்ட்வேர் உக்காந்துகிட்டு வர்ற ஒவ்வொரு பேரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துதான் தேடுது. நாம வெறும் ஃபைல ஃபோல்டர்ல போட்டா அந்த வேலைய யாரும் செய்ய மாட்டாங்க.

என்ன ஆகுதுன்னு சொல்றேன். எழுத்த கம்ப்யூட்டர்ல சேமிக்கிற யூடிஎஃப்-8ன்ற முறைல தமிழ் எழுத்து ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், அதாவது மூணு சேமிப்பு அலகு. ஒவ்வொரு பைட்டும் முகவரில ஒரு % குறி, ரெண்டு எழுத்துன்னு ஆகும். அப்போ ஒரு எழுத்துக்கு ஒம்பது. அதுவும் எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்குற யூனிகோட்ல மெய்ப்புள்ளி தனி, கொம்பு, கால் எல்லாம் தனி. கடலூர்னு எழுதினா யூனிகோட் கணக்குல 6, முகவரில 54 எழுத்து. திருப்பாதிரிப்புலியூர்னு எழுதினா 22, முகவரில 198. ஒரு எஸ்எம்எஸ்ஸே 160 எழுத்துதான், ஊர் பேர் மட்டுமே அதத் தாண்டிடுது. பிரவுசர்ல மேல பாக்குறப்ப அழகா தமிழ்ல தெரியும், காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல ஒட்டினா % குறியா ஒரு பத்தி வந்து விழும். அதப் பாக்குறவங்க இது ஏதோ ஏமாத்து லிங்க்குன்னு பயந்து தொட மாட்டாங்க, இப்ப இருக்குற காலத்துல அப்படி பயப்படுறதும் சரிதான்.

நீளத்துலயும் ஒரு முட்டுக்கட்ட இருக்கு. விண்டோஸ்ல ஃபைல் பேர் 255 எழுத்து வரைக்கும் போகலாம், லினக்ஸ்ல 255 பைட். தமிழ்னா மூணால வகுத்துக்கோங்க, 85தான். அழைப்பிதழுக்கு சாமி பேரு, ஊர் பேரு, திருவிழா பேரு, வருஷம்னு முழுசா பேர் வச்சிருந்தா விண்டோஸ்ல சும்மா இருந்த ஃபைல் சர்வர்ல ஏறாது.

எனக்கு ரொம்ப நேரம் புடிபடாம இருந்தது மேக் விஷயம்தான், அதனால இத கொஞ்சம் விவரமா எழுதுறேன். கொ, கோ, கௌ மாதிரி எழுத்துக்கு வர்ற குறிய யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். ஒத்தக்குறியா எழுதலாம், இல்ல முன்னாடி வர்ற கொம்பு தனியா, பின்னாடி வர்ற கால் தனியான்னு ரெண்டா எழுதலாம். ஸ்கிரீன்ல பாத்தா ரெண்டும் துளிகூட வித்தியாசம் இல்லாம அப்படியே இருக்கும். 2017 வரைக்கும் மேக்ல இருந்த எச்எஃப்எஸ் பிளஸ்ன்ற ஃபைல் சிஸ்டம் பேர சேமிக்கிறப்ப ரெண்டாப் பிரிச்சுத்தான் சேமிக்கும், அதுக்கப்புறம் வந்த ஏபிஎஃப்எஸ் குடுத்தத குடுத்தபடி வச்சுக்கும். பழைய மேக்லேர்ந்து கோவில்னு பேர் வச்ச ஒரு ஃபைல சர்வர்ல ஏத்திட்டு, லிங்க்க விண்டோஸ்ல டைப் பண்ணினா, லினக்ஸுக்கு அது ரெண்டும் வேற வேற பேரு. நீங்க எவ்ளோ உத்துப் பாத்தாலும் ரெண்டும் கோவில்தான், சர்வர் மட்டும் இல்லன்னு சொல்லிட்டே இருக்கும். பேர எழுத்தெழுத்தா பிரிச்சு யூனிகோட் நம்பர் பாத்தாத்தான் தெரியும்.

பாண்டில இதே பிரச்சன பிரெஞ்சு எழுத்துலயும் வரும், அது வேற ஊர்ல எவ்ளோ வருமோ தெரியல, இங்க அடிக்கடி வரும். கஃபே, ஓட்டல்னு பேர் வைக்கிறவங்க ஈ மேல ஒரு சாய்வுக் கோடு, ஓ மேல ஒரு தொப்பின்னு பிரெஞ்சுல எழுதுற மாதிரியே ஃபைலுக்கும் எழுதுவாங்க. அந்தக் கோட்டோட சேந்த ஈ ஒரே எழுத்தாவும் இருக்கலாம், ஈ தனி கோடு தனியாவும் இருக்கலாம். போர்டுல கோடு இருக்கட்டும், மெனு கார்டுல இருக்கட்டும், ஃபைல் பேர்ல வெறும் ஈ போதும்.

அந்தப் பெரியவருக்கு நான் சொன்னது, பேஜ் தலைப்பு தமிழ், லிங்க்ல தெரியுற வார்த்தை தமிழ், உள்ள இருக்குறது முழுக்க தமிழ், சர்வர்ல இருக்குற பேரு மட்டும் மாசி-மகம்-2025ன்னு இங்கிலீஷ் ஸ்மால் லெட்டர்ல. கடலூர் தேவனாம்பட்டினத்துலேர்ந்து அனுப்புற லிங்க் பாண்டி வைத்திக்குப்பத்துல இருக்குறவங்க போன்லயும் தொறக்கணும்ல. ஒத்துக்கிட்டாரு.

சரி, இங்கிலீஷ்ல எழுதுறதுன்னா ஊர் பேர் ஸ்பெல்லிங் அடுத்த தலவலி. பாண்டிச்சேரி அதிகாரபூர்வமா புதுச்சேரி ஆனது 2006ல, சைட்டுங்கள்ல இன்னும் ரெண்டும் கலந்து கெடக்கு. வில்லியனூருக்கு தமிழ்ப்படி ஒண்ணு, பிரெஞ்சுப்படி ஒண்ணு. திருப்பாதிரிப்புலியூர யாரும் முழுசா சொல்றதில்ல, வாயில வர்றது திருப்பாப்புலியூர்தான், அதையும் டி போட்டு ஆரம்பிக்கிறவங்க உண்டு, டி எச் போட்டு ஆரம்பிக்கிறவங்க உண்டு, நடுவுல ஒரு பி, ரெண்டு பின்னு அது வேற. 2020ல தமிழ்நாட்டு அரசே 1,018 ஊர் பேரோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க மாத்தி அரசாணை போட்டு, கொஞ்ச நாள்லயே திரும்ப வாங்கிச்சு, அந்த அளவுக்கு சிக்கலான விஷயம் இது. என் வழி சிம்பிள், ஊர் பேர் தேவையில்லன்னா ஃபைல்ல போடவே மாட்டேன். தேவைன்னா ஒரே ஒரு ஸ்பெல்லிங், அது சரியா தப்பான்னு சண்ட வேணாம், ஒரு ஷீட்ல எழுதி சைட்ட தொடுற எல்லாருக்கும் குடுத்துடுவேன். அந்த ஷீட்ட யார் வேணும்னா செய்யலாம், ஆனா வேல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி செய்யணும்.

ஃபோல்டருக்கு வருவோம். வெப்ப உருவாக்கின டிம் பெர்னர்ஸ்-லீ 1998லயே எழுதி வச்சிருக்காரு, நாளைக்கு மாறப்போற எதையும் முகவரில வைக்காதீங்க, செஞ்சவர் பேரு, இப்ப என்ன நிலைமைல இருக்குன்ற தகவல், எந்த சாஃப்ட்வேர்ல ஓடுதுங்குறது, இதெல்லாம் வேணாம்னு. நம்ம ஊர் சைட்டுங்கள தொறந்து பாத்தா நியூ, நியூ-2, லேட்டஸ்ட், ஃபைனல், ஃபைனல்-ஃபைனல், அப்புறம் வேலைய விட்டே போன ஸ்டாஃப் பேர்ல ஒரு ஃபோல்டர். அவரு போனப்புறம் வர்றவரு அந்தப் பேர மாத்துவாரு, அதுல இருந்த அத்தன லிங்க்கும் சேந்து போயிடும்.

வருஷம் போடுறதா வேணாமான்னு யோசிச்சுதான் முடிவெடுக்கணும். கெஸ்ட் ஹவுஸ் ரேட் கார்டுக்கு வருஷம் வேணாம். டாரிஃப்னு ஒரே பேரு, வருஷா வருஷம் அதே பேர்ல புதுசப் போடுங்க, பழசு வேணும்னா வருஷம் போட்டு ஆர்க்கைவ்னு ஒரு ஃபோல்டர்ல தள்ளிடுங்க. வெளில யார்கிட்ட அந்த லிங்க் இருந்தாலும் எப்பவும் இன்னிக்கி ரேட்தான் வரும். மாசி மக அழைப்பிதழுக்கும் ஸ்கூல் கொஸ்டின் பேப்பருக்கும் வருஷம் கண்டிப்பா வேணும், அது அந்த வருஷத்துக்கே சொந்தமான பொருளு. தேதி போடணும்னா வருஷம், மாசம், நாள்னு அந்த வரிசைல போடுங்க, ஃபோல்டர்ல தானா வரிசையா நிக்கும்.

இதுக்கு முன்னாடியே கண்டபடி பேர் வச்சு ஏத்தியாச்சு, இப்ப என்ன பண்றதுன்னா, மாத்துங்க, ஆனா பழைய முகவரிய அனாதையா விடாதீங்க. கடைய வேற எடத்துக்கு மாத்தினா பழைய ஷட்டர்ல ‘கடை மாற்றப்பட்டுள்ளது’ன்னு ஒரு போர்டு மாட்டுவோம்ல, 301 ரீடைரக்ட் அதான். சர்வர்ல ஓடுற சாஃப்ட்வேர் அப்பாச்சி, லைட்ஸ்பீடுன்னா டாட் எச்டிஅக்சஸ்ன்ற ஃபைல்ல ரீடைரக்ட் 301, பழைய பாதை, புது முகவரின்னு ஒரு லைன். பழைய பேர்ல ஸ்பேஸ் இருந்தா அந்தப் பாதைய மேற்கோள் குறிக்குள்ள போட்டு ஸ்பேஸ ஸ்பேஸாவே எழுதுங்க, %20ன்னு எழுதினா புடிக்காது. என்ஜின்எக்ஸ்ன்ற இன்னொரு சர்வர் சாஃப்ட்வேர் அந்த ஃபைல படிக்கவே படிக்காது, அதுக்கு ஹோஸ்டிங்காரங்ககிட்டதான் கேக்கணும். எல்லா பழைய லிங்க்கையும் மொத்தமா ஹோம் பேஜுக்கு திருப்பி விடுறத நான் ஒத்துக்க மாட்டேன், ரேட் கார்டு தேடி வந்தவர வாசல்ல விட்டுட்டுப் போற வேல அது, ஒண்ணுக்கு ஒண்ணு சரியா காட்டணும்.

மாத்தி முடிச்சதும் லேப்டாப்ல பாக்காதீங்க, போன்ல வைஃபைய அணைச்சிட்டு மொபைல் டேட்டால பாருங்க, வாட்ஸ்அப்ல உங்களுக்கே லிங்க்க அனுப்பித் தட்டிப் பாருங்க. வெப்புக்கு விதி வகுக்குற டபிள்யூ த்ரீ சின்ற அமைப்போட லிங்க் செக்கர் இலவசம், சைட் முழுக்க நடந்து உடைஞ்சதக் காட்டும். க்யூஆர் அடிக்கிறதா இருந்தா நீளமான ஃபைல் முகவரிக்கு அடிக்காம குட்டியா ஒரு பாதைக்கு அடிச்சு, அதுலேர்ந்து ரீடைரக்ட் குடுங்க, நாளைக்கு ஃபைல் மாறினாலும் சுவத்துல ஒட்டினது மாற வேண்டியதில்ல.

இன்னும் ஒண்ணு, ஹோஸ்டிங் மாத்துறவங்களுக்கு. அந்த டாட் எச்டிஅக்சஸ் ஃபைல் புள்ளில ஆரம்பிக்கிறதால ஃபைல் ஏத்துற எஃப்டிபி புரோகிராம்லயும் ஹோஸ்டிங் பேனல்லயும் மறைஞ்சு கெடக்கும், ஃபோல்டர்ல தெரியுற எல்லா ஃபைலையும் செலக்ட் பண்ணி காப்பி எடுத்தாலும் அது மட்டும் பழைய சர்வர்லயே தங்கிடும், சைட் நல்லாத்தான் ஓடும், ரீடைரக்ட் மட்டும் ஒண்ணுவிடாம செத்துப்போயிருக்கும். ஷோ ஹிட்டன் ஃபைல்ஸ்னு ஒரு டிக் இருக்கும், அதப் போட்டுட்டு காப்பி எடுங்க.